கல்மேட்டுக்கு யாரும் அனுமதி கேட்டதில்லை

மார்ச் 3

1. நான் இத்துறைமுகப் புறநகரில், கயிற்றுக்கிடங்குத் தெருவின் மேல்முனையில், மனைவியின் பெயரிலுள்ள வீட்டில் வசிப்பவன். சொத்துப் பத்திரங்கள் எழுதுவதும் பிறர் எழுதியவற்றில் பிழை காண்பதும் வழக்கறிஞனாகிய என் தொழில். நான் ஓய்வு பெற்றுவிட்டதாக மனைவி பலரிடம் சொல்லி வருகிறாள். அவ்வாறு நான் எங்கும் எழுதிக் கொடுத்ததில்லை.

2. நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்கு இல்லை. கல்மேடு தொடர்பாக ஒரு தகராறு எழக்கூடும் என்று இன்று காலை தோன்றியதால் தொடங்குகிறேன். தகராறு எழாவிட்டால் நிறுத்திவிடுவேன்.

3. இதில் காண்பவை என் அறிவுக்கும் நம்பிக்கைக்கும் எட்டிய அளவில் உண்மை.

காரணம் இதுதான். கல்மேட்டைச் சமன்படுத்திச் சரக்கு லாரிகள் நிறுத்துமிடமாக்கப் போவதாகத் துறைமுக நிர்வாகம் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. மேடு நிர்வாகத்தின் பெயரில் இருப்பது. அதில் ஐயமில்லை, பத்திரத்தை நானே பார்த்திருக்கிறேன். நல்ல பத்திரம்.

அறிவிப்பை மனைவி உரக்க வாசித்தபோது அவளுடைய அண்ணன் மேசையில் இருந்தார். இழுவைப் படகின் கேப்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். என் மைத்துனர். மனைவியை இழந்தபின் எங்களுடன் இருக்கிறார். ஊரில் எல்லோரும், தபால்காரர் உட்பட, கேப்டன் என்றே அழைக்கிறார்கள். வாசித்து முடிந்ததும் அவர் தேநீர்க் கோப்பையைத் தட்டில் வைத்தார். தட்டின் விளிம்பில் வைத்தார். மனைவி நகர்த்திவிட்டாள்.

மார்ச் 4

கேப்டனைப் பற்றி ஒரு விளக்கம் பதிவில் இருக்க வேண்டும்.

அவருக்குக் கண்ணில் புரை. "இன்னும் முத்தல" என்று சில ஆண்டுகளாகவே சொல்லி வருகிறார். உள்நாட்டில் வசிக்கும் அவருடைய மகள் சென்ற முறை வந்தபோது என்னைத் தனியே அழைத்துச் சொன்னாள்: "மாமா, அப்பா தனியா வெளிய போய்த் தனியா திரும்பி வர்ற வரைக்கும் நான் எதுவும் பேச மாட்டேன். அது நின்னுச்சுன்னா என்கூடக் கூட்டிட்டுப் போயிடுவேன். இங்க அத்தையாலயும் முடியாது." கேப்டனும் இதற்கு உடன்பட்டார். வாக்குக் கொடுத்தார். கடலில்லாத ஊரில் தூக்கம் வராது என்பது அவர் கட்சி; ஆனாலும் வாக்கு வாக்குதான்.

அவர் தனியாகப் போய்வரும் இடம் ஒன்றே ஒன்று. எங்கள் வாசலிலிருந்து இடப்பக்கச் சுவரை ஒட்டி நடந்தால் கல்மேட்டின் திறப்பு. அங்கிருந்து சரிவு, மேலே நடைதடம், ஒரு சுற்று, மீண்டும் சுவர். நாள்தோறும் விடிந்ததும் போவார். கைத்தடி வைத்துக்கொள்வதில்லை. தடி வயதானவர்களுக்கானது என்பார்.

ஆகவே மேடு போனால் கேப்டன் போகிறார். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நானும் இங்கே எழுதுவதோடு சரி.

மார்ச் 6

குடியிருப்போர் சங்கக் கூட்டம். தலைவர் பல் மருத்துவர், செயலாளர் பேக்கரிக்காரர். வழக்கை நான் நடத்த வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். என்னைக் கேட்காமல் தீர்மானித்தார்கள் என்பதையும் குறித்து வைக்கிறேன்.

சட்டத்தை எடுத்துரைத்தேன். ஓரிடத்தைப் பொதுமக்கள் நீண்ட காலம், பலவந்தமின்றி, ஒளிவுமறைவின்றி, எவருடைய அனுமதியுமின்றிப் பயன்படுத்தி வந்திருந்தால், அதில் அவர்களுக்கு நடமாடும் உரிமை உண்டு. பத்திரம் யார் பெயரில் இருந்தாலும் அது நிற்கும்.

பேக்கரிக்காரர் கை தூக்கினார். "சார், அப்ப வேலி தாண்டி ஒளிஞ்சு போனா செல்லாது?"

"செல்லாது."

"கேட்டுட்டுப் போனாலும் செல்லாது?"

"செல்லாது."

"கேக்காம, பகல்ல, நெஞ்சை நிமித்திட்டுப் போனாத்தான் செல்லும்?"

"ஏறத்தாழ."

"இந்தச் சட்டத்த நம்ம ஏரியாக்காரன் எவனோதான் எழுதியிருக்கான்!"

கூட்டம் சிரித்தது. வழக்கு எளிது என்று நானும் எண்ணினேன். 

மார்ச் 9

விசாரணைக்காக இப்புறநகரின் வரலாற்றைச் சுருக்கி எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதியவரை:

பாய்மரக் காலத்தில் கப்பல்கள் சரக்கில்லாமல் வரும்போது கவிழாதிருக்க வயிற்றில் கல் ஏற்றி வந்தன. இங்கே சரக்கு ஏற்றும் முன் அக்கற்களைக் கரையில் கொட்டின. அவ்வாறு குவிந்ததே கல்மேடு. ஆகவே இவ்வூரின் மிக உயரமான இடம் இவ்வூரைச் சேர்ந்ததல்ல. கற்களோடு வந்த விதைகளிலிருந்து முளைத்த சில மரங்கள் அங்கே நிற்கின்றன. அவற்றின் பெயர் எவருக்கும் தெரியாது. ஒவ்வொரு குடும்பமும் ஒவ்வொரு பெயர் சொல்கிறது, எல்லோரும் உறுதியாகச் சொல்கிறார்கள்.

பிறகு நிலக்கரி வந்தது, துறையிலிருந்து கரித்தூள் பறந்தது. வீடுகள் அக்காலத்தில் எழுந்தவை. ஆகவே பெரும்பாலான வீடுகளில் கடலைப் பார்த்த சன்னல் இல்லை. கடலோரத்தில் வீடு வாங்கி, கடலைப் பார்க்க அடுத்தவர் வீட்டு மாடிக்குப் போகும் வழக்கம் இங்குதான் உண்டு. கரி நின்று நெடுங்காலமாகிறது. ஆயினும் மேல்காற்று வீசும் நாளில் வெள்ளைத் துணி காயப்போட மாட்டார்கள். ஏன் என்று கேட்டால், "போடக் கூடாது" என்பார்கள்.

பூங்காக்கள் மூன்று. ஒன்று, நகராட்சியின் சிறுவர் பூங்கா: ஓர் ஊஞ்சல், அது பூட்டப்பட்டிருக்கிறது. இரண்டு, நினைவுப் பூங்கா: நடுவில் நங்கூரம், சுற்றிலும் புல், புல்லைச் சுற்றிச் சங்கிலி, சங்கிலிக்கு வெளியே விதிகள் எழுதிய பலகை. புல்லை விடப் பலகை செழிப்பாக இருக்கிறது. மூன்று, கல்மேடு. அதைப் பூங்கா என்று எவரும் அறிவித்ததில்லை. ஆகவே எல்லோரும் அங்கே போகிறார்கள்.

மனைவி வாசித்துப் பார்த்தாள். "நல்லாருக்குங்க. ஆனா இது கோர்ட்டுக்கா, ஊர்ல சண்டை மூட்டவா?" என்றாள்.

மார்ச் 12

சாட்சிகளை வரிசையாகச் சந்தித்தேன். நிலைமை மோசம்.

தபால் நிலையத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற அம்மையார், கல்மேட்டில் நாள்தோறும் நடப்பவர். மிக நல்ல சாட்சி என்று நம்பியிருந்தேன்.

"மேட்டுக்குப் போக யாரிடமாவது அனுமதி கேட்டதுண்டா அம்மா?"

"பின்ன? கேக்காமப் போவாங்களா?"

"யாரிடம் கேட்டீர்கள்?"

"பொதுவா."

"பொதுவாக என்றால்?"

"மனசுல ஒரு மரியாதையோடதான் போனேன் தம்பி. நாங்க அத்துமீறிப் போற குடும்பம் இல்ல."

அடுத்து பல் மருத்துவர். துறைமுகத்தின் முன்னாள் மேனேஜர் ஒருவருக்குப் பல் பிடுங்கியபோது மேட்டைப் பற்றிச் சொன்னாராம், அவர் தலையசைத்தாராம். வாயில் கருவி இருக்கும்போது எப்படித் தலையசைத்தார் என்று கேட்டேன். "கண்ணால" என்றார். பேக்கரிக்காரரோ அனுமதிச் சீட்டே வைத்திருந்ததாகவும் வெள்ளத்தில் போய்விட்டதாகவும் கூறுகிறார். அப்படி ஒரு சீட்டு இருந்ததே இல்லை. கூட்டத்தைச் சிரிக்க வைத்தவர் இவர்தான்.

இவ்வூரின் இயல்பைப் பதிவு செய்கிறேன்: எதையும் கேட்காமல் செய்வார்கள். கேட்டால், கேட்டுத்தான் செய்தோம் என்பார்கள். அத்துமீறினோம் என்ற உண்மையைச் சொன்னால் வழக்கில் வெல்லலாம். கண்ணியமாக நடந்தோம் என்ற பொய்யைச் சொன்னால் தோற்கலாம். ஊரே கண்ணியத்தின் பக்கம் நிற்கிறது.

கேப்டன் இன்னும் மோசம்.

"நான் போர்ட்ல வேலை பாத்தவன் மாப்பிள்ளை. சொந்த வீட்டுத் தோட்டத்துல திருடன் மாதிரி நடந்தேன்னு சொல்லச் சொல்றீங்களா?"

"திருடன் என்று யாரும் சொல்லவில்லை மச்சான். ஓய்வு பெற்றபின் யாரும் உங்களுக்கு அனுமதி தரவில்லை. அவ்வளவுதான்."

"வணக்கம் சொல்றதுக்கே ரெண்டு தடவை யோசிக்கிற ஆளு நீங்க. உங்களுக்கு எங்க புரியும்!"

மார்ச் 15

துறைமுகத்தின் புதிய மேனேஜர் கெட்டிக்காரர். இன்று காலை கல்மேட்டின் திறப்பில் பச்சை வண்ணத்தில் அழகிய பலகை நட்டிருக்கிறார்: "அன்பான அண்டை அயலாரே, நிர்வாகத்தின் மனமார்ந்த அனுமதியுடன் இம்மேட்டில் உலாவி மகிழ வாருங்கள்." கீழே ஒரு பூவின் படம்.

லாரி நிறுத்தம் கட்டப்படும் நாள்வரைக்குமான வரவேற்பு. அதாவது, அனுமதி. இனி இப்பலகையைக் கடந்து செல்லும் ஒவ்வொருவரும் அனுமதி பெற்றுச் செல்பவராகிறார்.

நான் போய்ச் சேர்ந்தபோது பல் மருத்துவர் பலகைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார். "பாத்தீங்களா சார், எவ்வளவு மரியாதை! சங்கத்து சார்பா நன்றி சொல்லி ஒரு தீர்மானம் போட்டுடலாம்."

"நன்றி சொல்லக் கூடாது" என்றேன்.

"ஒரு வார்த்தைதானே?"

"அந்த ஒரு வார்த்தைதான் கூடாது."

பேக்கரிக்காரர் பலகையைப் பிடுங்கி எறியலாம் என்றார். அது பலவந்தம், அதுவும் கூடாது. பிறகு என்னதான் செய்வது என்றார்கள். பலகையைப் படிக்காதவர்கள் போல நடந்து செல்லுங்கள் என்றேன். அதன்பின் எல்லோரும் பலகையைக் கடக்கும்போது வானத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். தபால் நிலைய அம்மையார் தடுக்கி விழப் பார்த்தார்.

மனுவை இன்றே தாக்கல் செய்தேன். பலகைக்கு முந்தைய காலத்தை மட்டும் கணக்கில் கொள்ள வேண்டும் என்று தனிப் பத்தி சேர்த்திருக்கிறேன்.

மார்ச் 16

கேப்டன் விடிந்ததும் போகும் வழியில் இப்போது பலகை நிற்கிறது. அதில் மோதிக்கொண்டார் எனக் கேள்வி. நெற்றியில் சிறு வீக்கம். "கதவு" என்றார்.

ஏப்ரல் 2

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி திடீரென்று சொன்னாள்: "ஏங்க, அண்ணனுக்குக் கண்ணு சுத்தமா தெரியாதுங்க. உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

தொழிலில் நான் கற்ற முதல் விதி, பதில் தெரியாத கேள்வியைக் கேட்காதே என்பது. இரண்டாவது, பதில் தெரிந்தால் கடமை வந்துவிடும் என்றால் அக்கேள்விக்கு அருகிலேயே போகாதே என்பது. இந்த வீட்டில் பல ஆண்டுகளாக இரண்டாம் விதியைக் கடைப்பிடித்து வருகிறேன். அதனால்தான் அவர் நாளிதழைத் தலைகீழாகப் பிடித்திருந்த காலையில் நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

"எத்தனை நாளாக?" என்று மட்டும் கேட்டேன்.

"அண்ணி தவறின வருஷத்துலேர்ந்தே. இப்ப வெளிச்சம் கூடத் தெரியறதில்ல. யார்கிட்டயும் சொல்லாதன்னு சத்தியம் வாங்கிட்டார்."

"பிறகு ஏன் என்னிடம் சொல்கிறாய்?"

"நீங்க யாரோவா?"



ஏப்ரல் 3

சாட்சிகளிலிருந்து கேப்டனை நீக்கினேன். உறவினர் என்பதால் அவருடைய சாட்சியம் எடுபடாது என்று காரணம் சொன்னேன். காரணம் உண்மையே. முழு உண்மை அல்ல. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒரு தாளை நீட்டி "இதைப் படியுங்கள்" என்று சொல்லிவிட்டால் போதும். எல்லாம் வெளியே வந்துவிடும்.

"என்னை விட அதிகமா அங்க நடந்தவன் எவன் இருக்கான்?" என்றார் கேப்டன்.

"எவருமில்லை மச்சான்."

"அப்புறம்?"

"வழக்கின் உத்தி."

"உத்தியாம்! படகுல இருந்திருந்தீங்கன்னா கயிறு கட்டறதுக்கே கமிட்டி போட்டிருப்பீங்க மாப்பிள்ளை."

இரவு உணவின்போது கேப்டன் உப்பு மட்டும் கேட்டார். அவர் கைக்கு எட்டும் இடத்தில்தான் இருந்தது. எடுத்துக் கையில் கொடுத்தேன்.

ஏப்ரல் 10

முதல் நாள் விசாரணை. விசாரணை அதிகாரி ஒரு பெண்மணி, குறைவாகப் பேசுபவர். நகராட்சி மன்ற அறையில் நடந்தது. மின்விசிறி தாள்களைப் பறக்கவிட்டது.

தபால் நிலைய அம்மையாரை முதலில் விசாரித்தேன். நெடுநேரம் கண்ணியத்தைக் காத்தார். கடைசியில் அதிகாரியே கேட்டார்: "அம்மா, உங்களுக்கு யாராவது அனுமதி குடுத்தாங்களா இல்லையா? ஒரு வார்த்தைல சொல்லுங்க."

அம்மையார் கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டார். பின்னர் சொன்னார்: "இல்ல. யாரையும் கேக்கல. கேட்டா வேண்டாம்னு சொல்லிடுவாங்களோன்னு கேக்கல."

ஊரின் முழு வரலாறும் அதில் இருந்தது. நான் எழுதிய பக்கங்களை விட நன்றாக இருந்தது. அவர் போட்டு உடைத்ததும் மற்றவர்களும் வரிசையாக உண்மையைச் சொன்னார்கள். பேக்கரிக்காரர் சீட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பல் மருத்துவர் மட்டும் கண்ணசைவைக் கைவிடவில்லை. கண்ணசைவைக் குறித்துக்கொள்ளத் தேவையில்லை என்று அதிகாரி எழுத்தரிடம் சொன்னார்.

நாளை எதிர்த்தரப்பு. வெல்வோம் என்று எழுத விரும்பவில்லை. தோற்போம் என்றும் எழுதவில்லை.

ஏப்ரல் 11

நிர்வாகம் ஒரே ஒரு சாட்சியை அழைத்தது: துறைமுக வாயிலின் வாட்ச்மேன். அவருடைய கண்ணாடி அறை கல்மேட்டின் திறப்புக்கு நேர் எதிரே இருக்கிறது. பொய் சொல்லத் தெரியாத மனிதர். அதனால்தான் அழைத்திருக்கிறார்கள்.

அவர் சொன்னதன் சாரம்: பழைய மேனேஜர் காலத்திலிருந்தே அவருக்கு ஓர் உத்தரவு உண்டு. தினமும் காலையில் முதலில் வருபவர் கேப்டன். மேட்டில் வேலை எதுவும் இல்லாத நாளில் அவரைப் பார்த்துக் கையசைக்க வேண்டும். இன்று போகலாம் என்று பொருள். வேலையிருந்தால் கையால் மறிக்க வேண்டும். கேப்டன் போனால் ஊர் போகும். கேப்டன் திரும்பினால் ஊர் திரும்பும்.

"தினமும் கையசைச்சீங்களா?" என்றார் எதிர்த்தரப்பு வழக்கறிஞர்.

"தினமும் சார். லீவு போட்டா மாத்து ஆள்கிட்ட சொல்லிட்டுப் போவேன்."

"அதைப் பார்த்துட்டுத்தான் கேப்டன் உள்ள போனாரு?"

"ஆமா சார். வேற எதுக்குப் போவாரு?"

மறித்த நாள் ஏதும் உண்டா என்று குறுக்குவிசாரணையில் கேட்டேன். இல்லை, மேட்டில் வேலையே நடந்ததில்லை என்றார். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து குரல் ஏதும் கொடுத்தாரா என்றேன். கிரேன் சத்தத்தில் கேட்காது, கை மட்டும்தான் என்றார்.

வழக்கு அங்கேயே சாய்ந்தது. அனுமதி தரப்பட்டது, நாள்தோறும் தரப்பட்டது, ஊரின் சார்பில் ஒருவர் அதைப் பெற்றுக்கொண்டார். அதிகாரி பேனாவை மூடினார். "இந்தக் கையசைப்புக்கு மறுப்பு ஏதாவது இருக்கா?"

இருந்தது. ஒரே ஒரு சாட்சி. ஒரே ஒரு கேள்வி. அந்தச் சாட்சி மூன்றாம் வரிசையில் என் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கேட்காவிட்டால் என் கட்சிக்காரர்களுக்கு நான் துரோகி. கேட்டால்…

"சற்று அவகாசம் வேண்டும்" என்றேன்.

"எதுக்கு?" என்றார் அதிகாரி.

 சொல்ல வாயைத் திறந்தேன் என்று மனைவி கூறுகிறாள். எனக்கு நினைவில்லை.

"நான் சொல்றேன்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. கேப்டன் எழுந்து நின்றார். மனைவி அவர் முழங்கையைப் பிடித்தாள். உதறினார், பிறகு, என்ன நினைத்தாரோ, அவராகவே கையை நீட்டிப் பிடித்துக்கொள்ள விட்டார். அப்படியே முன்னால் வந்தார். அவர் ஒருவர் கையைப் பிடித்து நடந்ததை இவ்வூர் இன்றுதான் பார்த்தது.

உண்மை சொல்வதாக உறுதியளித்தபின் அதிகாரி கேட்டார்: "வாட்ச்மேன் கையசைச்சதைப் பாத்தீங்களா?"

"இல்லம்மா."

"ஒரு தடவை கூடவா?"

"எனக்குக் கண்ணு தெரியாதும்மா. பல வருஷமாச்சு. அவர் கைய ஆட்டினாரா, காலை ஆட்டினாரான்னு எனக்கு எப்படித் தெரியும்? சுவரைப் பிடிச்சுட்டு வருவேன், சுவர் முடியற எடத்துல திரும்புவேன். யாரையும் கேட்டதில்ல. யாரும் சொன்னதுமில்ல."

 எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேள்வியில்லை என்றார். நல்ல வளர்ப்பு.

வாட்ச்மேன் தன் இடத்திலிருந்தே பேசிவிட்டார். அதிகாரி தடுக்கவில்லை. "கேப்டன், இத்தனை வருஷமா நீங்க திரும்பக் கையசைக்கவே இல்லையே. நான் திமிருன்னு நெனச்சுட்டேன்."

"அதுவும் கொஞ்சம் உண்டுப்பா" என்றார் கேப்டன்.

ஏப்ரல் 12

என்ன செய்திருக்க வேண்டும் நான்?

கேட்டிருக்கணும். என் கடமை அது. ஊரே என்னை நம்பி உட்கார்ந்திருந்தது.

இல்ல – கேட்டிருக்கக் கூடாது. கேட்காததும் சரிதான். ஆனா கேட்காம நின்னதாலதான அவர் எழுந்தார்? எழுந்திருப்பார்னு எனக்குத் தெரியுமா? தெரிஞ்சுதான் அவகாசம் கேட்டேனா? அவகாசம்! எதுக்கு அவகாசம்? அந்த அதிகாரியம்மா கேட்டது சரியான கேள்வி.

அவர் கண்ணைப் பத்தி ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. வீட்டுக்கு வந்ததும், "கேஸ் எப்படி மாப்பிள்ளை, நிக்குமா?" என்றார். நிக்கும் மச்சான் என்றேன். "அப்ப சரி" என்று போய்ப் படுத்துக்கொண்டார்.

மேற்கண்டதை நீக்கலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

ஏப்ரல் 14

பல் மருத்துவர் ஒரு செய்தித்தாளுக்குப் பேட்டி அளித்திருக்கிறார். "மேட்டை மீட்ட பார்வையற்ற கேப்டன்" என்று பெரிய எழுத்தில் தலைப்பு. கேப்டனின் படம். பக்கத்தில் பல் மருத்துவரின் படம், அது பெரியது.

"அவருக்கு நன்றி சொல்றதுக்கு ஒரு வாய்ப்பு சார்" என்றார் தொலைபேசியில். ஒரு மாதமாக யாருக்கும் நன்றி சொல்ல விடாமல் வைத்திருந்தேன். அணை உடைந்துவிட்டது.

மாலையில் கேப்டனின் மகள் அழைத்தாள். மனைவிதான் பேசினாள். "பேப்பர்ல பாத்தேன்" என்பது மட்டும் எனக்குக் கேட்டது.

ஏப்ரல் 17

கேப்டனின் மகள், எனக்கு மருமகள் முறை, வந்துவிட்டாள். என்னைத்தான் முதலில் பிடித்தாள்.

"மாமா, உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"எந்தத் தேதியில் என்பதைப் பொறுத்தது."

"மாமா!"

தெரியும் என்றேன். கேட்காமலிருந்ததால் தெரியாமலிருந்தேன், அதாவது தெரியும் என்றேன். அவள் அழுதாள். அழுதுகொண்டே, "அவர் அந்தச் சரிவுல உருண்டிருந்தா?" என்றாள். சட்டப்படி அது நிர்வாகத்தின் பொறுப்பா என்ற வினா எனக்குள் எழுந்தது. நல்லவேளையாக வாய்க்கு வரவில்லை.

கேப்டன் அறையிலிருந்து வெளியே வந்தார். "அவரை ஏம்மா திட்டற? வாக்குக் குடுத்தவன் நான். தீர்ப்பு வர்ற வரைக்கும் இருந்துட்டு வரேன். நீ அப்ப வந்து கூட்டிட்டுப் போ."

"அப்பா, அது தனியா போய் வர்ற வரைக்குந்தான்…"

"தெரியும். இந்தக் கேஸ்ல நான் தோத்துட்டேன். ஊர் ஜெயிக்குதான்னு மட்டும் கேட்டுட்டு வந்துடறேன்."

அவள் தந்தையின் தட்டில் கூட்டு எங்கே, குழம்பு எங்கே என்று கடிகார முள் கணக்கில் சொல்லிப் பரிமாறினாள். அவர் மறுக்கவில்லை. இவ்வளவு எளிதான ஒன்றை இந்த வீட்டில் ஒருவர்கூடச் செய்யவில்லை.

மே 6

தீர்ப்பு. கல்மேட்டில் நடமாடும் உரிமை பொதுமக்களுக்கு உண்டு. லாரிகளுக்கு வேறிடம் பார்க்க வேண்டும். வரவேற்புப் பலகையை நிர்வாகமே அகற்ற வேண்டும். "பார்க்கப்படாத சைகை அனுமதியாகாது" என்று ஒரு வரி. செறிவான வரி, நான் எழுதியிருந்தால் மூன்று பத்தியாகியிருக்கும்.

பலகையை அகற்றியதற்காக மேனேஜருக்கு நன்றி தெரிவிக்கலாமா என்று பல் மருத்துவர் கேட்டார். தாராளமாகத் தெரிவிக்கலாம் என்றேன். ஓடினார்.

ஊர் முழுக்க இன்று மேட்டில் இருந்தது. கேப்டனும் போனார்; தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு. நான் வாசலில் நின்றேன். இருவரும் சுவர் முடியும் இடத்தில் திரும்பினார்கள்.

மே 9

மருமகள் காரோடு வந்திருக்கிறாள். பெட்டிகள் ஏற்றியாயிற்று. வாட்ச்மேன் வழியனுப்ப வந்தார். இன்று அவருக்கு விடுப்பு.

புறப்படுமுன் கேப்டன் என்னை மேசைக்கு அழைத்து, ஓர் உயில் எழுத வேண்டும் என்றார். சொத்து எதுவும் இல்லையே மச்சான் என்றேன். "சொத்தைப் பத்தி யாரு பேசினா? சொல்றேன், எழுதுங்க" என்றார். அவர் சொல்லியபடியே இந்நோட்டில் எழுதினேன்:

"நான், மேற்படி கேப்டன், நல்ல நினைவோடும் எவருடைய வற்புறுத்தலும் இல்லாமலும் எழுதிவைப்பது. கல்மேட்டில் என் காலை நடையை என் தங்கையின் கணவருக்கு விட்டுச் செல்கிறேன். அவர் தினமும் போக வேண்டும். கால் வலி, காற்று, முக்கியமான கோப்பு என்று சாக்குச் சொல்லக் கூடாது. மேலே நின்று எந்தக் கப்பல் உள்ளே வந்தது, எது வெளியே போனது என்று பார்த்து எனக்குப் போனில் சொல்ல வேண்டும். கப்பலை மட்டும் சொன்னால் போதும். சட்டம் பேசக் கூடாது."

பொதுமக்களின் உரிமையைத் தனி ஒருவர் உயிலால் மாற்றிக் கொடுக்க இயலாது என்பதையும், உயிரோடிருப்பவரின் உயில் நடைமுறைக்கு வராது என்பதையும், எனக்குக் கப்பல்களில் வேறுபாடு தெரியாது என்பதையும் எடுத்துரைத்தேன். கேட்டுக்கொண்டார். பிறகு பேனாவை வாங்கிக்கொண்டு, "கோடு எங்க இருக்குன்னு காட்டுங்க மாப்பிள்ளை" என்றார்.

அவர் விரலைப் பிடித்துக் கோட்டின் மேல் வைத்தேன். எங்கள் திருமணத்துக்கு முன்பிருந்தே எனக்கும் அவருக்கும் பழக்கம். ஆனால் அவர் கையை நான் பிடித்தது இதற்கு முன் நினைவில் இல்லை. எழுதி முடிக்கும் வரை எடுக்கவில்லை. அவரும் எடுக்கச் சொல்லவில்லை.

எழுதி, வாசித்துக் காட்டி, சரியென ஒப்புக்கொண்டபின் இட்ட கையொப்பம்:

கேப்டன் (கோட்டுக்குச் சற்று மேலே)

ஏற்றுக்கொண்டவர்: எழுதியவனாகிய நான்.

சாட்சிகள்:
1. என் மனைவி, எழுதிவைத்தவரின் தங்கை.
2. துறைமுக வாட்ச்மேன்.